ஃபைவ்எம் சர்வரில் ஃபோன் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாக எங்கே பார்ப்பது

ஃபைவ்எம்மில் (ஜிடிஏ 5-ஐப் பலர் சேர்ந்து ஆட உதவும் மாட்) ஆர்பி, அதாவது ரோல்பிளே, சர்வர் நடத்துகிற எல்லோருக்கும் பழகிப்போன புகார், கேமுக்குள் கேரக்டர் வைத்திருக்கும் "ஃபோன் வேலை செய்யல" என்பது. அந்த ஒரு வரிக்குள் எத்தனையோ விதமான கோளாறு இருக்கும். ஒருவருக்கு ஃபோனே கையில் வராது, இன்னொருவருக்கு வெள்ளைத் திரை மட்டும் வரும், வேறொருவருக்கு கால் போகும் ஆனால் குரல் கேட்காது, அப்புறம் நேற்று எடுத்த போட்டோ இன்று காணோம் என்று ஒருவர் வருவார். ஒவ்வொன்றுக்கும் எங்கே கை வைக்க வேண்டும் என்று கீழே பிரித்து எழுதியிருக்கிறேன். இஎஸ்எக்ஸ் அல்லது க்யூபிகோர் என்ற ஃப்ரேம்வொர்க் (பணம், வேலை, கேரக்டர் போன்ற அடிப்படைகளைத் தரும் ஸ்கிரிப்ட் தொகுப்பு) மேல் ஓடும் ஃபைவ்எம் சர்வரை மனதில் வைத்து எழுதியது. எந்த ஃபோன் ஸ்கிரிப்ட் போட்டிருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும்.

ஃபோன் ஸ்கிரிப்ட் தன்னந்தனியாக ஓடுவது கிடையாது. நம்பரும் மெசேஜும் டேட்டாபேஸில் இருக்கின்றன, குரலை பிஎம்ஏ-வாய்ஸ் மாதிரி ஒரு வாய்ஸ் ரிசோர்ஸ் (சர்வரில் போடும் ஒவ்வொரு ஸ்கிரிப்ட் தொகுப்பும் ஒரு ரிசோர்ஸ்) கொண்டுபோகிறது, கையில் ஃபோன் இருக்கிறதா என்று சொல்வது இன்வென்டரி, பணக் கணக்கு ஃப்ரேம்வொர்க்கிடம், போட்டோ சர்வருக்கு வெளியே வேறெங்கோ. இதில் எது சறுக்கினாலும் பிளேயர் கண்ணுக்கு ஃபோன் கெட்டுப்போனதாகத்தான் தெரியும். ஆகவே ஃபோனின் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள், ஒரு கோளாறு மூன்றாகிவிடுகிறது.

## எதையும் தொடும் முன்

முதலில் இரண்டு கேள்வி. இது ஒருவருக்கு மட்டும் நடக்கிறதா, எல்லோருக்குமா? ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய கணினியிலோ அவருடைய கேரக்டரின் பதிவிலோ விஷயம் இருக்கிறது, சர்வர் ஃபைல்களை விட்டுவிடுங்கள். எல்லோருக்கும் என்றால் சர்வர் பக்கம். அடுத்த கேள்வி, கடைசியாக நன்றாக ஓடிய நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது. ஃப்ரேம்வொர்க் அப்டேட், புது இன்வென்டரி, வேறு ஹோஸ்டிங்குக்கு மாறியது, சர்வர் ஆர்டிஃபாக்ட் (ஃபைவ்எம் சர்வர் புரோகிராமின் பதிப்பு) மாற்றியது, எதுவானாலும் அதிலிருந்து தொடங்குங்கள்.

அப்புறம் கன்சோல். சர்வரை முழுக்க ரீஸ்டார்ட் செய்து, சர்வரை நிர்வகிக்கும் கருவியான டிஎக்ஸ்அட்மினின் லைவ் கன்சோலில் ஃபோன் ரிசோர்ஸ் ஸ்டார்ட் ஆகும் இடத்திலிருந்து மேலிருந்து கீழாகப் படியுங்கள். உங்களுக்கு வேண்டியது முதல் சிவப்பு வரி. அதற்குக் கீழே ஐம்பது வரி சிவப்பாக ஓடினாலும் அவற்றில் பெரும்பாலானவை முதல் வரியின் பின்விளைவுதான். புகார் சொன்ன பிளேயரிடம் எஃப்8 அழுத்தி அவர் பக்கத்துக் கன்சோலையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், சர்வர் கன்சோலில் தெரியாத பிழை அங்கே தெரியும்.

டேட்டாபேஸைத் தொடப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒரு பேக்கப். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

## அறிகுறி: கீயை அழுத்தினால் ஃபோன் வரவே இல்லை

### ஒருவருக்கு மட்டும் வரவில்லை

இன்வென்டரியில் ஃபோன் ஐட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடும். செத்துப்போய் மருத்துவமனையில் எழுந்தபோதோ, போலீஸ் சோதனையிலோ, யாராவது பறித்தோ ஃபோன் போயிருக்கும், அவருக்கே அது நினைவிருக்காது.

ஐட்டம் இருக்கிறது, அதை இன்வென்டரியிலிருந்து 'யூஸ்' செய்தால் ஃபோன் திறக்கிறது, கீ மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது கீ பைண்டிங். ஒரு பிளேயர் முதல்முறை சர்வருக்குள் வரும்போது எந்தக் கீ இயல்பாக இருந்ததோ அதை அவருடைய ஃபைவ்எம் நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் கான்ஃபிக்கில் எஃப்1-ஐ எம் என்று மாற்றினால் புதிதாக வருபவர்களுக்குத்தான் எம், பழையவர்களுக்கு எஃப்1 அப்படியே இருக்கும். கேம் செட்டிங்ஸில் கீ பைண்டிங்ஸ் பகுதிக்குள் ஃபைவ்எம் என்ற பட்டியல் இருக்கிறது, அங்கே போய் அவரே மாற்றிக்கொள்ள வேண்டும். சர்வரிலிருந்து நீங்கள் மாற்ற முடியாது, ஆகவே கீயை மாற்றினால் அறிவிப்பு போட்டுவிடுங்கள்.

கேரக்டர் கைவிலங்கில் இருக்கிறதா, கீழே விழுந்து கிடக்கிறதா, தண்ணீரில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல ஃபோன் ஸ்கிரிப்ட்கள் அந்த நிலைகளில் வேண்டுமென்றே திறக்காது. சில சமயம் விலங்கை அவிழ்த்த பிறகும் "விலங்கில் இருக்கிறான்" என்ற குறி அழியாமல் நிற்கும், வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் சரியாகிவிடும்.

இதெல்லாம் இல்லை என்றால் கேச், அதாவது அவர் கணினியில் தற்காலிகமாகச் சேமித்துவைத்த ஃபைல்கள். ஃபைவ்எம்மின் அப்ளிகேஷன் டேட்டா ஃபோல்டருக்குள் டேட்டா என்ற ஃபோல்டரில் கேச், சர்வர்-கேச், சர்வர்-கேச்-பிரிவ் என்று மூன்று இருக்கும். கேமை மூடிவிட்டு அந்த மூன்றை மட்டும் அழிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் கேம்-ஸ்டோரேஜைத் தொட வேண்டாம், அது போனால் பெரிய டவுன்லோடு மறுபடி நடக்கும். என்யுஐ-ஸ்டோரேஜும் இருக்கட்டும், ஃபோனில் அவர் வைத்திருந்த சில அமைப்புகள் அதற்குள் இருக்கலாம்.

### எல்லோருக்கும் வரவில்லை

ரிசோர்ஸ் ஓடுகிறதா? டிஎக்ஸ்அட்மினின் ரிசோர்ஸ் பட்டியலில் பாருங்கள். இல்லையென்றால் சர்வர் சிஎஃப்ஜியில் (சர்வரின் அமைப்பு ஃபைல்) அதை ஸ்டார்ட் செய்யும் என்ஷூர் வரி இருக்கிறதா, அதில் எழுதிய பெயரும் ஃபோல்டரின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று சரிபாருங்கள். ஜிப்பைப் பிரித்தால் ஃபோல்டர் பெயரின் வாலில் 'மெயின்' அல்லது 'மாஸ்டர்' ஒட்டிக்கொண்டு வரும். அதை நீக்காமல் விட்டாலும் தப்பு, ஃபோல்டருக்கு நம் இஷ்டத்துக்கு ஒரு பெயர் வைத்தாலும் தப்பு, ஏனென்றால் வேறு ஸ்கிரிப்ட்கள் ஃபோனை அதன் அசல் பெயரால்தான் கூப்பிடும்.

வரிசையும் முக்கியம். டேட்டாபேஸோடு இணைக்கும் ஆக்ஸ்மைஎஸ்க்யூஎல் முதலில், பிறகு ஃப்ரேம்வொர்க், பிறகு இன்வென்டரி, வாய்ஸ், படம் பிடிக்கும் ஸ்கிரீன்ஷாட்-பேசிக், அதற்கப்புறம் ஃபோன், ஃபோனுக்குள் ஓடும் கூடுதல் ஆப்கள் கடைசியில். கன்சோலில் 'நோ சச் எக்ஸ்போர்ட்' (ஒரு ரிசோர்ஸ் இன்னொன்றிடம் கேட்ட செயல்பாடு கிடைக்கவில்லை) என்று வந்தால் பெரும்பாலும் இந்த வரிசைதான், அல்லது அந்த ரிசோர்ஸின் பதிப்பு பொருந்தவில்லை.

பழைய ஃபோன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். க்யூபிகோர் சர்வரில் கூடவே வந்த க்யூபி-ஃபோனை நிறுத்தாமல் புதுசைப் போட்டால் இரண்டும் ஒரே ஐட்டத்துக்கும் ஒரே கீக்கும் சண்டை போடும். பழைய வரிக்கு முன்னால் ஒரு கமெண்ட் குறி போட்டால் மட்டும் போதாது. அடைப்புக்குறிக்குள் பெயர் வைத்த ஃபோல்டரை மொத்தமாக என்ஷூர் செய்திருந்தால் உள்ளே இருக்கும் எல்லாமே ஸ்டார்ட் ஆகும். பழைய ஃபோனை ரிசோர்ஸஸ் ஃபோல்டரை விட்டே வெளியே எடுத்துவிடுங்கள்.

ஐட்டம் பெயரையும் பாருங்கள். இன்வென்டரியை க்யூபியிலிருந்து ஆக்ஸுக்கு மாற்றியவர்கள் ஐட்டம் பட்டியல் வேறு ஃபைலுக்குப் போய்விட்டதை மறந்துவிடுகிறார்கள். க்யூபி-கோரின் ஷேர்டு ஐட்டம்ஸ் ஃபைலில் ஃபோன் இருக்கும், ஆக்ஸ் இன்வென்டரியின் டேட்டா ஃபோல்டரில் இருக்கும் ஐட்டம்ஸ் ஃபைலில் இருக்காது.

இஎஸ்எக்ஸில் 'அட்டெம்ப்ட் டு இண்டெக்ஸ் எ நில் வேல்யூ' என்று இஎஸ்எக்ஸ் பெயரோடு பிழை வந்தால், அந்த ஃபோன் பழைய முறையில் ஷேர்டு ஆப்ஜெக்ட்டை ஈவென்ட் மூலம் கேட்கிறது. புது இஎஸ்எக்ஸில் அதை எக்ஸ்போர்ட் வழியாகத்தான் வாங்க வேண்டும். திறந்த கோடு என்றால் மேலே ஒரு வரி மாற்றினால் போதும், பல ஃபைல்களில் பரவி இருந்தால் பொறுமையாக ஒவ்வொன்றிலும் மாற்ற வேண்டும்.

### காசு கொடுத்து வாங்கிய ஃபோன், உரிமம் இல்லை என்கிறது

'யூ லேக் தி ரிக்வயர்டு என்டைட்டில்மென்ட்' என்று வந்தால் பதற வேண்டாம். வாங்கிய உடனே ரிசோர்ஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்திருப்பீர்கள், முழு சர்வரையும் நிறுத்தி ஏற்றுங்கள். அதன் பிறகும் வந்தால், ஃபோன் வாங்கிய சிஎஃப்எக்ஸ் கணக்கும் (ஃபைவ்எம்முக்கான கணக்கு) சர்வர் லைசென்ஸ் கீ எடுத்த கணக்கும் ஒன்றா என்று பாருங்கள். சர்வரை இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் இடங்களில், கீ ஒருவருடையது, வாங்கியது இன்னொருவர் என்று அடிக்கடி ஆகிவிடுகிறது. இரண்டும் ஒரே கணக்கில் இருந்தால்தான் ஓடும்.

'சின்டாக்ஸ் எர்ரர்' என்று சொல்லி அருகில் விசித்திரமான குறி வந்தாலோ, பாதுகாக்கப்பட்ட ரிசோர்ஸைச் சரிபார்க்க முடியவில்லை என்று வந்தாலோ ஃபைல் ஏற்றும்போது கெட்டிருக்கிறது. எஃப்டிபி புரோகிராம் அதை டெக்ஸ்ட் என்று நினைத்து அனுப்பியிருக்கும். பைனரி முறையில் மாற்றி மறுபடி ஏற்றுங்கள், அல்லது ஜிப்பாக ஏற்றி சர்வரிலேயே பிரியுங்கள், அல்லது வின்எஸ்சிபி பயன்படுத்துங்கள். எஃப்எக்ஸ்ஏபி என்று முடியும் ஃபைல் கூடவே போயிருக்கிறதா என்றும் பாருங்கள், அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் சில புரோகிராம்கள் காட்டாமலே விட்டுவிடும். ஆர்டிஃபாக்ட் மிகப் பழையது என்றாலும் இதே பிழை வரும், பரிந்துரைக்கப்பட்ட பதிப்புக்கு ஏற்றிவிடுங்கள்.

இதற்கு மேல் என்றால் விற்றவரிடம்தான் போக வேண்டும். பூட்டிய கோடை வேறு யாராலும் திறந்து பார்க்க முடியாது.

இணையத்தில் இலவசமாகக் கசிந்த கட்டண ஃபோனைப் போட்டிருந்தால் இங்கேயே நிறுத்துங்கள். அப்படிப் பரவும் பிரதிகளில் வெளியிலிருந்து உங்கள் சர்வருக்குள் கட்டளை அனுப்பும் வரிகள் சேர்க்கப்பட்டிருப்பது உண்டு. அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், எடுத்துவிட்டு டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் லைசென்ஸ் கீயையும் மாற்றுங்கள். இலவசமாகத் திறந்த கோடில் நல்ல ஃபோன்கள் இருக்கின்றன, அவற்றையே போடலாம்.

## அறிகுறி: ஃபோன் வருகிறது, ஆனால் திரை வெள்ளை அல்லது காலி

எல்லோருக்கும் இப்படி என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, நீங்கள் டவுன்லோடு செய்தது சோர்ஸ் கோடா, தயாரான ரிலீஸா என்பதை. இப்போதைய ஃபோன்களின் திரை வெப் பக்கங்கள் எழுத உதவும் ரியாக்ட் மாதிரி ஒன்றில் எழுதப்பட்டு பில்டு செய்யப்பட்டது, அதாவது ஓடும் வடிவத்துக்கு மாற்றப்பட்டது. கிட்ஹப்பில் பச்சைப் பட்டனை அழுத்தி எடுத்தால் பில்டு ஆகாத கோடுதான் வரும், திரைக்கான ஃபைலே அதில் இருக்காது. ரிலீஸஸ் பக்கத்துக்குப் போய் அங்கே இருக்கும் ஜிப்பை எடுங்கள்.

அது சரி என்றால், எஃப்எக்ஸ்மேனிஃபெஸ்டில் (ரிசோர்ஸின் ஃபைல்களைப் பட்டியலிடும் ஃபைல்) யுஐ பேஜ் சுட்டும் ஃபைல் உண்மையிலேயே அந்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் எஃப்8 கன்சோலில் என்யுஐ டெவ்டூல்ஸை (கேமுக்குள் வரும் திரைகளைச் சோதிக்கும் கருவி) திறந்து கன்சோல் பகுதியில் சிவப்பு வரி பாருங்கள். கேம் ஓடும்போது அதே கணினியின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 13172 போர்ட்டைத் திறந்தாலும் இதே கருவி கிடைக்கும், இரண்டு திரை வைத்திருப்பவர்களுக்கு அது வசதி. மொழி ஃபைலில் ஒரு கமா விட்டுப்போனால்கூட திரை முழுக்கக் காலியாகும். தமிழில் மொழிபெயர்த்துப் போடுபவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள், மேற்கோள் குறி ஒன்று வளைந்த குறியாக மாறியிருக்கும், அது கண்ணுக்குப் பட்டென்று தெரியாது.

ஒருவருக்கு மட்டும் காலி என்றால் முன்பு சொன்ன கேச். அதற்கும் அசையவில்லை என்றால் அவருடைய கேரக்டரின் பதிவில் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது. அதே கணினியில் வேறு கேரக்டரில் நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள், அதில் சரியாக வந்தால் டேட்டாபேஸ் பகுதிக்குப் போங்கள்.

### ஃபோனை மூடிய பிறகும் மவுஸ் அம்பு போகவில்லை

ஃபோன் திரை நடுவழியில் செத்துப்போய், ஃபோகஸை (மவுஸ், கீபோர்டு கட்டுப்பாட்டை) கேமுக்குத் திருப்பித் தரவில்லை. அந்த நேரத்துக்கு வெளியேறி உள்ளே வருவதுதான் வழி. எப்போதும் ஒரே ஆப்பைத் திறந்தால்தான் நடக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள், அந்த ஆப்பை நிறுத்திவைத்தால் மற்றவை ஓடும். சில சமயம் ஃபோன் நிரபராதி. கடை மெனுவோ உடை மெனுவோ திறந்திருக்கும்போதே ஃபோனை எடுத்தால் இரண்டும் ஃபோகஸுக்கு அடித்துக்கொள்ளும்.

### டைப் செய்யும்போது கேரக்டர் கை தூக்குகிறது, சாட் திறக்கிறது

ஃபோனைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம் என்ற வசதி இருந்தால் கீபோர்டு இரண்டு பக்கமும் போகும். நல்ல ஸ்கிரிப்டில் எழுத்துப் பெட்டியைத் தொட்டதும் கேமுக்குப் போவது நின்றுவிடும். கூடுதலாகப் போட்ட வெளி ஆப்களில் அதைச் செய்யாமல் விட்டிருப்பார்கள். அந்த ஆப்பில் மட்டும் நடக்கிறது என்றால் அதை எழுதியவரிடம் சொல்லுங்கள். எல்லா ஆப்பிலும் என்றால் 'நடந்துகொண்டே பயன்படுத்து' என்ற வசதியை கான்ஃபிக்கில் அணைத்துவிடுங்கள், ஒரு ரோல்பிளே காட்சி நடுவில் மெசேஜ் அடிக்கப் போய் துப்பாக்கி வெடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

## அறிகுறி: கால் போகிறது, குரல் இல்லை

இதுதான் எல்லோரையும் அலைக்கழிப்பது. சரியான வரிசையில் பார்த்தால் சீக்கிரம் பிடித்துவிடலாம்.

ஃபோனை மறந்துவிட்டு இரண்டு பேரை அருகருகே நிற்கவைத்துப் பேசச் சொல்லுங்கள். நேரில் பேசினாலே கேட்கவில்லை என்றால் ஃபோனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கேம் செட்டிங்ஸில் வாய்ஸ் சாட் அணைந்திருக்கும், அல்லது தவறான மைக் தேர்வாகியிருக்கும், அல்லது வாய்ஸ் ரிசோர்ஸே படுத்திருக்கும்.

நேரில் கேட்கிறது என்றால் அடுத்து ரேடியோவில் சோதியுங்கள். ரேடியோவும் கால் குரலும் ஒரே பிஎம்ஏ-வாய்ஸ் வழியாகத்தான் போகின்றன. ரேடியோவும் இல்லை என்றால் பிஎம்ஏ-வாய்ஸின் அமைப்பு, ரேடியோ இருக்கிறது கால் மட்டும் இல்லை என்றால் ஃபோனுக்கும் வாய்ஸுக்கும் நடுவில் கோளாறு.

இந்த நடுவில் பார்க்க வேண்டியவை: ஃபோன் கான்ஃபிக்கில் எந்த வாய்ஸ் என்று தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், சர்வர் சிஎஃப்ஜியில் வாய்ஸ் எனேபிள் கால்ஸ் பூஜ்யமாக இருக்கிறதா, ஃபோல்டரின் பெயர் பிஎம்ஏ-வாய்ஸ் என்றே இருக்கிறதா. மம்பிள்-வாய்ப் மாதிரி பழைய வாய்ஸ் ரிசோர்ஸ் ஏதாவது கூடவே ஓடினால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும், ஒன்றை எடுத்துவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்றால் இருவரும் வெளியேறி வந்து மறுபடி முயலட்டும். ஆள் மாறினாலும் அதே ஒருவருக்குத்தான் கேட்கவில்லை என்றால் அவருடைய ஆடியோ அமைப்பு.

### காலைத் துண்டித்த பிறகும் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது

கால் முடிந்ததும் ஃபோன் அந்த இருவரையும் கால் சேனலிலிருந்து பூஜ்யத்துக்கு மாற்ற வேண்டும். யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஃபோன் ரிசோர்ஸை ரீஸ்டார்ட் செய்தால் அந்த வேலை நடக்காமல் போய், அவர்கள் சர்வர் முழுக்கத் திரிந்தாலும் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கும். ரகசியம் காக்க வேண்டிய ஆர்பியில் இது பெரிய தொந்தரவு. வெளியேறி வந்தால் சரியாகும். ஆட்கள் உள்ளே இருக்கும்போது ஃபோனையோ வாய்ஸையோ தனியாக ரீஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், முழு ரீஸ்டார்ட்டில் செய்யுங்கள்.

### ரிங்கே போகவில்லை

எதிராளி ஏர்பிளேன் முறையில் இருக்கலாம், ஃபோன் ஐட்டம் இல்லாமல் இருக்கலாம். இரண்டும் இல்லை என்றால் நம்பரைப் பாருங்கள். டேட்டாபேஸில் நம்பர் காலம் (டேபிளில் நம்பர் இருக்கும் நெடுவரிசை) எண் வகையில் இருந்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் விழுந்துவிடும், திரையில் ஒரு நம்பர், உள்ளே ஒரு நம்பர். அந்தக் காலம் வார்கேராக, அதாவது எழுத்து வகையில், இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதும் மொழியான லுவாவிலும் எழுத்தாக இருக்கும் 555-உம் எண்ணாக இருக்கும் 555-உம் ஒன்றல்ல, நீங்களே எழுதிய ஸ்கிரிப்டிலிருந்து ஃபோனுக்கு நம்பர் அனுப்பினால் அதை எழுத்தாக மாற்றி அனுப்புங்கள்.

### வீடியோ கால் மட்டும் கறுப்பு

சாதாரண கால் சரி, வீடியோ மட்டும் சிலருக்கு வரவில்லை என்றால் அந்தப் பிளேயர்களின் இணைய இணைப்பு நேரடி இணைப்புக்கு இடம் தரவில்லை. நடுவில் இருந்து வீடியோவைக் கடத்தித் தரும் ஒரு டர்ன் சர்வர் வேண்டும். அதற்கு மாதாமாதம் செலவு ஆகும், அமைக்கத் தெரிந்தவர் வேண்டும். என் கருத்தில் சின்ன சர்வருக்கு அது அவசியமே இல்லை, வீடியோ காலை அணைத்துவிடலாம்.

## அறிகுறி: நம்பர், கான்டாக்ட், மெசேஜ் காணோம்

ஒருவர் "என் நம்பரே மாறிப்போச்சு" என்றால் முதலில் கேளுங்கள்: புது ஃபோன் வாங்கினாரா? யூனிக் ஃபோன் என்ற வசதியை இயக்கியிருந்தால் நம்பர் ஆளோடு இருக்காது, அந்த ஐட்டத்தின் மெட்டாடேட்டாவோடு (ஐட்டத்தோடு ஒட்டிச் சேமிக்கும் தகவல்) இருக்கும். ஃபோன் தொலைந்தால் நம்பரும் தொலைந்தது. அது கோளாறு அல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்றால் சர்வர் திறப்பதற்கு முன்பே அணைத்துவிடுங்கள். நடுவழியில் மாற்றினால் எல்லோர் நம்பரும் குழம்பும்.

கேரக்டர் மாற்றினால் பழைய கேரக்டரின் மெசேஜ் தெரிகிறது என்றால், லாக்அவுட் ஈவென்ட் ஃபோனுக்குப் போய்ச் சேரவில்லை. மல்டிகேரக்டர் ஸ்கிரிப்ட் அந்த ஈவென்ட்டை அனுப்புகிறதா என்று பாருங்கள். அதுவரை பிளேயர்களை முழுதாக வெளியேறி வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு கேரக்டருக்குத் தெரியக் கூடாதது இன்னொன்றுக்குத் தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் காணோம் என்றால் கன்சோலில் என்ன சொல்கிறது என்று பாருங்கள்:

டேபிள் இல்லை என்று வந்தால் ஃபோனோடு வந்த எஸ்க்யூஎல் ஃபைலை (டேபிள்களை உருவாக்கும் கட்டளைகள் உள்ளது) ஏற்றவில்லை. 'அன்நோன் காலம்' என்றால் ஃபோனை அப்டேட் செய்துவிட்டு அதன் கூடவே வந்த சின்ன எஸ்க்யூஎல்லை ஏற்றாமல் விட்டிருக்கிறீர்கள். அவசரத்தில் முழு எஸ்க்யூஎல் ஃபைலையும் மறுபடி ஏற்றிவிடாதீர்கள், சிலவற்றில் பழைய டேபிளை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கும் வரி மேலேயே இருக்கும். திறந்து படித்துவிட்டு, தேவையான வரியை மட்டும் ஓட்டுங்கள்.

எஸ்க்யூஎல் ஏற்றும்போதே ஃபாரின் கீ பிழை, எண் 150, வருகிறதா? ஃபோனின் டேபிள் ஃப்ரேம்வொர்க்கின் டேபிளைச் சுட்டுகிறது, இரண்டு காலத்தின் நீளமோ கொலேஷனோ (எழுத்துகளை ஒப்பிடும் விதி) ஒத்துப்போகவில்லை. 'இல்லீகல் மிக்ஸ் ஆஃப் கொலேஷன்ஸ்' என்பதும் இதே குடும்பம். டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் ஹெய்டிஎஸ்க்யூஎல்லில் இரண்டு டேபிளையும் திறந்து கொலேஷனை ஒப்பிட்டு, ஃபோனுடையதை ஃப்ரேம்வொர்க்குக்குச் சமமாக்குங்கள்.

டேட்டாபேஸே இணையவில்லை என்றால் பார்க்க வேண்டியது, அதன் முகவரியும் பாஸ்வேர்டும் அடங்கிய கனெக்‌ஷன் ஸ்ட்ரிங். பாஸ்வேர்டில் அட் குறியோ ஹேஷ் குறியோ இருந்தால் முகவரி வடிவில் எழுதிய ஸ்ட்ரிங் உடைந்துவிடும். குறிகள் இல்லாத, நீளமான பாஸ்வேர்டாக மாற்றிவிடுங்கள். பழைய மைஎஸ்க்யூஎல்-அசிங்க் இன்னும் ஓடினால் அதையும் எடுத்துவிடலாம், அதை எதிர்பார்க்கும் ஸ்கிரிப்ட்களுக்கு ஆக்ஸ்மைஎஸ்க்யூஎல்லே அந்தப் பெயரில் பதில் சொல்லும்.

### எமோஜி போட்டால் மெசேஜ் போகவில்லை, தமிழ் கேள்விக்குறியாகிறது

இரண்டும் வேறு வேறு. எமோஜி போட்ட மெசேஜ் மட்டும் 'இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வேல்யூ' என்று நின்றால் டேபிள் பழைய யுடிஎஃப்8-இல் இருக்கிறது. அதில் ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் இடம், எமோஜிக்கு 4 வேண்டும். தமிழ் எழுத்துகள் 3 பைட்டுக்குள் அடங்குவதால் தமிழ் போகும், எமோஜி போகாது. தமிழே கேள்விக்குறி ஆகிறது என்றால் டேபிளோ இணைப்போ லத்தீன்1-இல் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: டேபிளை யுடிஎஃப்8எம்பி4 ஆக்கி, கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கிலும் சார்செட் அதையே கொடுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்துவிட்ட மெசேஜ்கள் திரும்பி வராது, அதனால் சர்வரில் தமிழில் பேசும் ஆட்கள் இருந்தால் திறப்பதற்கு முன்பே இதைப் பாருங்கள்.

டேட்டா உண்மையிலேயே அழிந்திருந்தால், ஒரு வரியையும் ஓட்டாமல் சர்வரை நிறுத்திவிட்டு டேட்டாபேஸ் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சர்வர் ஓடிக்கொண்டே இருந்தால் புதுப் பதிவுகள் சேர்ந்துகொண்டே போகும், அப்புறம் பேக்கப்பை மீட்டால் அவற்றையும் இழக்க வேண்டிவரும்.

## அறிகுறி: போட்டோ ஏறவில்லை, அல்லது மறுநாள் மறைந்துவிடுகிறது

மறுநாள் மறைவதை முதலில் சொல்கிறேன். டிஸ்கார்டு வெப்ஹுக்கில் (வெளியிலிருந்து ஒரு டிஸ்கார்டு சேனலில் பதிவிட உதவும் முகவரி) போட்டோ ஏற்றும் ஃபோன்கள் எல்லாவற்றுக்கும் இது நடக்கும். 2023 இறுதியிலிருந்து டிஸ்கார்டில் ஏற்றும் படங்களின் இணைப்பு டிஸ்கார்டுக்கு வெளியே ஏறத்தாழ 24 மணி நேரத்தில் காலாவதியாகிவிடுகிறது. ஃபோனின் கேலரியில் சேமிப்பது அந்த இணைப்பை மட்டும்தான், ஆகவே மறுநாள் உடைந்த படம். இதற்கு டிஸ்கார்டுக்குள் எந்த அமைப்பும் கிடையாது. ஃபைவ்எம்முக்கென்றே இருக்கும் பட சேமிப்பு சேவைக்கோ, உங்கள் சொந்தச் சேமிப்பகத்துக்கோ மாற வேண்டும். பல ஃபோன்களில் கான்ஃபிக்கில் சேவையின் பெயரும் அதன் கீயும் கொடுத்தால் முடிந்தது.

ஏறவே இல்லை என்றால் ஸ்கிரீன்ஷாட்-பேசிக் ஓடுகிறதா, வெப்ஹுக்கை யாராவது அழித்துவிட்டார்களா, சேவையின் கீ காலாவதியா, இலவச அளவு முடிந்துவிட்டதா என்ற வரிசையில் பாருங்கள்.

ஒரு முக்கியமான விஷயம், தயவுசெய்து இன்றே பாருங்கள். அந்தக் கீயையும் வெப்ஹுக்கையும் எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்? ஷேர்டு கான்ஃபிக் ஃபைலில் எழுதினால் அது ஒவ்வொரு பிளேயரின் கணினிக்கும் போகிறது, எடுக்கத் தெரிந்தவர் எடுத்துவிடுவார், உங்கள் வெப்ஹுக்கில் கண்டதையும் ஏற்றுவார். சர்வர் பக்க ஃபைலில் மட்டும் வையுங்கள், அல்லது சர்வர் சிஎஃப்ஜியில் வெறும் செட் கட்டளையால் கொடுங்கள். செட்ஆர் என்று கொடுத்தால் பிளேயர்களுக்குப் போகும், செட்எஸ் என்று கொடுத்தால் சர்வரின் பொதுத் தகவலிலேயே தெரியும்.

வெளியிலிருந்து ஒட்டிய வீடியோ ஃபோனில் ஓடவில்லை என்றால் அது எம்பி4 ஆக இருக்கும். கேமுக்குள் இருக்கும் பிரவுசருக்கு அந்த எச்264 வடிவம் தெரியாது. வெப்எம் ஆக மாற்றினால் ஓடும்.

## அறிகுறி: ஃபோன் போட்டதிலிருந்து லேக்

பிளேயர் பக்கம் என்றால் எஃப்8-இல் ரெஸ்மான் 1 (ஒவ்வொரு ரிசோர்ஸும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் கட்டளை) கொடுத்து, ஃபோன் மூடியிருக்கும்போது அதன் மில்லிசெகண்டைப் பாருங்கள். மூடிய ஃபோன் ஏறக்குறைய பூஜ்யத்தில் இருக்க வேண்டும். திறந்திருக்கும்போதும் கேமரா ஓடும்போதும் ஏறுவது இயல்பு.

சர்வர் பக்கம் ஹிட்ச் வார்னிங் (சர்வர் திணறுகிறது என்ற எச்சரிக்கை) வந்தால் பெரும்பாலும் டேட்டாபேஸ்தான். ஆக்ஸ்மைஎஸ்க்யூஎல்லின் ஸ்லோ குவெரி எச்சரிக்கை எந்த வரி இழுக்கிறது என்று சொல்லிவிடும். மாதக்கணக்கில் ஓடிய சர்வரில் மெசேஜ் டேபிள் லட்சக்கணக்கில் வீங்கியிருக்கும், நம்பர் காலத்துக்கு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) இல்லாமல் ஒவ்வொரு முறையும் முழு டேபிளையும் தேடிக்கொண்டிருக்கும். இண்டெக்ஸ் சேர்ப்பது முதல் வேலை, பேக்கப் எடுத்துவிட்டுப் பழைய மெசேஜ்களைக் கழிப்பது அடுத்தது. அதிக ரேம் உள்ள ஹோஸ்டிங்குக்கு மாறுவது இவை இரண்டும் முடிந்த பிறகு யோசிக்க வேண்டியது. முதலிலேயே காசைக் கொட்டியவர்கள் அங்கேயும் அதே லேக்கைத்தான் பார்க்கிறார்கள்.

## அறிகுறி: பேங்க் ஆப்பில் பணம் தப்பாக இருக்கிறது

இதில் மட்டும் சோதனை முயற்சி வேண்டாம். ஆப்பை உடனே நிறுத்துங்கள். தொகை காட்டுவது மட்டும் தப்பு என்றால் பேங்க் ஸ்கிரிப்டின் பெயர் கான்ஃபிக்கில் பொருந்தவில்லை, மாற்றினால் சரி. அனுப்பினால் பணம் இரட்டிக்கிறது என்றாலோ, மைனஸ் தொகை அனுப்ப முடிகிறது என்றாலோ அது ஓட்டை. சர்வர் பக்கச் சரிபார்ப்பு இல்லை என்று பொருள். ஒரு மாலைக்குள் சர்வரின் பொருளாதாரமே போய்விடும். லுவா நன்றாகத் தெரிந்தவர் பார்க்காமல் திறக்காதீர்கள்.

## ஆளைக் கூப்பிடும்போது

ஃபோனின் பெயரும் பதிப்பும், ஃப்ரேம்வொர்க்கின் பதிப்பு, ஆர்டிஃபாக்ட் எண், முதல் சிவப்பு வரி அடங்கிய முழு லாக், எஃப்8 ஸ்கிரீன்ஷாட், எதைச் செய்தால் கோளாறு மறுபடி வருகிறது, இதுவரை என்னென்ன மாற்றினீர்கள் என்பதை ஒரே செய்தியில் கொடுங்கள். லாக்கை அனுப்பும் முன் அதில் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கும் பிளேயர்களின் ஐபியும் இருந்தால் அழித்துவிடுங்கள்.

டிஎக்ஸ்அட்மினின் மாஸ்டர் கணக்கை யாருக்கும் தர வேண்டாம், வேலைக்குத் தேவையான அனுமதியோடு தனியாக ஓர் அட்மின் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். முடிந்தால் சர்வரின் பிரதி ஒன்றை, டேட்டாபேஸோடு, தனியாக ஓடவிட்டு அங்கே பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கணக்கை அழித்து, டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.